மதுரை ரோட்டுப் பேட்டரிச் சந்து

திருச்சி பாலக்கரையில், பிரபாத் தியேட்டர் ரவுண்டானாவை விட்டு மதுரை ரோட்டுப் பக்கம் திரும்பினால் வண்டி உதிரிபாகக் கடைகள் தொடங்கிவிடும். டயர், டியூப், செயின் செட், சீட் கவர். அந்த வரிசையில் ஒரு சந்து பிரியும். மாநகராட்சி அதற்கு வைத்த பெயர் ஏதோ உண்டு. ஆனால் வண்டி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அது பேட்டரிச் சந்துதான். ரவுண்டானாவில் சிவாஜி கணேசனுக்கு ஒரு சிலை வைத்துவிட்டு, திறப்பு விழா நடத்தாமலே வருஷக்கணக்கில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வது சுலபமாக இருந்தது. "மூடி வெச்ச சிவாஜி தெரியுதா, அங்கேருந்து நேரா வாங்க" என்றால் போதும்.

சந்துக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஒரு புளிப்பு ஏறும். சார்ஜில் போட்ட பேட்டரி குமிழி விடும்போது கிளம்புகிற ஆசிட் ஆவி அது. புதிதாக வருகிறவர் இருமுவார். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். வலப்பக்கம் கடைசியில் தகரக் கூரை போட்ட கடை. வாசலில் நீளமாக ஒரு மரப்பெஞ்சு, அதன்மேல் மூடி திறந்த பேட்டரிகள் வரிசையாக. ஒன்றின் பிளஸ்ஸிலிருந்து அடுத்ததின் மைனஸுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று வயர்கள் ஓடி, சுவரில் மாட்டிய சார்ஜரில் போய் முடியும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சாக்பீஸில் வண்டி நம்பரின் கடைசி நான்கு எண். தரை சிமெண்டுதான், ஆனால் ஆசிட் தின்று மேல்பூச்சு போய் ஜல்லி தெரியும். மூலையில் ஆப்பசோடா கரைத்த வாளி எப்போதும் இருக்கும், கொட்டிய ஆசிட்டின் மேல் ஊற்ற. சுவரில் சிவப்புப் பெயிண்டில், கொஞ்சம் கோணலாக, 'பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது.' சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். ஒரு தீப்பொறி போதும், மூடியோடு வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்க. அதனால் சார்ஜரை அணைக்காமல் கிளிப்பைக் கழற்றுகிற பையனுக்கு முதுகில் ஒன்று விழும்.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சட்டை எப்போதும் பாலியெஸ்டர். பருத்திச் சட்டையில் ஆசிட் தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் ஓட்டை ஓட்டையாக உதிரும். பாலியெஸ்டர் தாங்கும். "வெயில்ல வேகுதுதான், என்ன பண்றது? மாசம் ரெண்டு சட்டை எடுக்க நமக்கு ஜவுளிக்கடையா இருக்கு?" என்பார்.

அவருடைய அத்தா காலத்தில் அந்தக் கடையில் பேட்டரியை விற்றதைவிடப் பிரித்துச் செய்ததுதான் அதிகமாம். அப்போது பேட்டரிப் பெட்டி கெட்டியான கறுப்பு ரப்பர். மேல்மூடியைத் தார் ஊற்றி ஒட்டியிருப்பார்கள். தாரை உருக்கி, மூடியைத் தூக்கி, மட்கிப்போன பிளேட்டை எடுத்துவிட்டுப் புதுப் பிளேட்டை ஈயம் காய்ச்சிப் பற்றவைத்து, மறுபடி தார் ஊற்றி மூடிக் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பெட்டி வந்ததும் அந்த வேலை போய்விட்டது. தார்ச் சட்டி மட்டும் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பாய் அதில் பழைய நட்டு போல்ட் போட்டு வைத்திருந்தார்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: "பாய், பேட்டரி போயிடுச்சு."

அவருடைய பதிலும் மாறாது: "தானா போச்சா, போக வெச்சீங்களா, பார்ப்போம்."

நான் முதலில் அங்கே போனது சித்தப்பாவின் புல்லட்டில், பின்சீட்டில். சித்தப்பாவுக்குத் திருவெறும்பூர் பெல்லில் வேலை. அறுபதுகளில் வந்த அந்தக் கொதிகலன் தொழிற்சாலையும், அதற்கு வெகுமுன்பே வந்துவிட்ட பொன்மலை ரயில்வே பணிமனையும் திருச்சிக்கு மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தன. மாதச் சம்பளம் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி, வடக்கிலிருந்து வந்த ராஜ்தூத். ஷிஃப்ட் முடிந்த சாயங்காலங்களில் இவை எல்லாமும் பேட்டரிச் சந்தில் நிற்கும். புதன்கிழமை இன்னும் கூட்டம். பக்கத்தில் சகாயமாதா கோவிலுக்கு நவநாளுக்கு வருகிறவர்கள் கையோடு வண்டியையும் காட்டிவிட்டுப் போவார்கள்.

சித்தப்பாவின் புல்லட் பழசு, 6 வோல்ட். மூன்றே செல். இன்றைக்கு யோசித்தால், திருச்சியின் வெயிலுக்கும் மேடுபள்ளத்துக்கும் நடுவில் அந்த 6 வோல்ட் வண்டிகளை வைத்துக் குடும்பம் நடத்தியவர்கள் பொறுமைசாலிகள்தான். 12 வோல்ட் வண்டியில் 30 வாட் பல்புக்கு இரண்டரை ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் அதே பல்புக்கு 5 ஆம்பியர் ஓட வேண்டும். கரண்ட் இரட்டித்தால் ஒவ்வொரு இணைப்பிலும் இழக்கிற வோல்ட்டும் இரட்டிக்கும். துருப்பிடித்த எர்த்து போல்ட் ஒன்று அரை வோல்ட்டை விழுங்கினால் 12 வோல்ட் வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது. 6 வோல்ட் வண்டியில் ஹெட்லைட் மஞ்சளாகிவிடும். போதாததற்கு அது பாயிண்ட் வண்டி. பேட்டரியில் சத்து இல்லாவிட்டால் பிளக்கில் பொறியும் இல்லை.

ஆனால் அந்த புல்லட்டில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஹெட்லைட் தலையில் சின்னதாக ஓர் ஆம்பியர் மீட்டர். பாய்க்கு அதுதான் நாடி. வண்டியை அணைத்து வைத்து ஹெட்லைட்டைப் போடச் சொல்வார். முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். பிறகு வண்டியை எடுத்து ஆக்ஸிலேட்டரை மெதுவாக முறுக்கச் சொல்வார். முள் நடுவுக்கு வந்து, பிளஸ்ஸைத் தொட்டு நின்றால் சார்ஜ் ஏறுகிறது. எவ்வளவு முறுக்கியும் மைனஸிலேயே படுத்திருந்தால் பேட்டரியைத் தொடவே வேண்டாம், கோளாறு வேறெங்கோ. பிற்பாடு வந்த வண்டிகளில் அந்த மீட்டரை எடுத்துவிட்டு டிஜிட்டலாகக் கண்டதையும் காட்டினார்கள். எந்த கியர் என்றுகூடச் சொல்கிறது. சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்வதில்லை. வண்டி செய்கிறவர்கள் செய்த அநியாயங்களில் இதை நான் மேலே வைப்பேன்.

"புது பேட்டரி போட்டுடலாம் பாய், செலவு ஆனா ஆகட்டும்" என்றார் சித்தப்பா.

"காசு குடுத்தா நான் வேணாங்கப் போறேனா சார்? அடுத்த மாசம் நீங்க இதே வண்டியில வந்து கத்துவீங்க, அதான் யோசிக்கிறேன்."

அவருடைய சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. மீட்டர் கடைசியில்தான் வரும். முதலில் கண்ணும் கையும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். வயரைப் பிடித்து அசைப்பார். ஸ்பேனர் வைக்காமல் கையாலேயே டெர்மினல் திரும்பினால், "இந்தா, உங்க பேட்டரி போன லட்சணம்" என்று காட்டுவார். பூத்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவுவார். கழற்றும்போது எர்த்து வயர் முதலில், மாட்டும்போது எர்த்து கடைசியில். ஸ்பேனர் தவறிச் சேசிஸில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்க அதுதான் வழி. அடுத்து அந்த எர்த்து வயரின் மறுமுனை. சேசிஸில் போல்ட் போட்ட இடத்தில் பெயிண்டோ துருவோ இருந்தால் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டுவார். பிறகு ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸில் உள்ளே கம்பி முழுசாகத் தெரியும். ஆனால் தொப்பியில் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருக்கும். அதனால் ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லக் கூடாது, டெஸ்ட் லேம்ப் வைத்துத்தான் சொல்ல வேண்டும். சைக்கிள் ஸ்போக் ஒன்றைக் கூராக்கி, ஒரு பல்ப் ஹோல்டரோடு சேர்த்து அவரே செய்த டெஸ்ட் லேம்ப் அது. சந்தில் பாதி வண்டிகள் அதைத் தாண்டி உள்ளே போனதில்லை. வந்த வேகத்தில் ஸ்டார்ட் ஆகிப் போய்விடும். அதற்கெல்லாம் டீக்காசு வாங்குவார், அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் பேட்டரியின் மூடி திறக்கும். ஹைட்ரோமீட்டரை நான் பள்ளிக்கூடப் படத்தில் பார்த்திருந்தேன். பாயின் கையில் பார்த்தபோது அது வேறு. ரப்பர் பல்பை அமுக்கிக்கொண்டு முனையைச் செல்லுக்குள் விட்டு, மெதுவாக விடுவார். கண்ணாடிக் குழாயில் ஆசிட் ஏறும். உள்ளே மிதவை தள்ளாடி, ஒரு பக்கச் சுவரில் ஒட்டி நிற்கும். விரல் நகத்தால் குழாயைச் சுண்டுவார். மிதவை விலகி நிமிரும். அப்போதுதான் படிப்பார். 1.260, 1.270 என்றால் நிறைவு. 1.200 என்றால் பாதி. 1.120 பக்கம் வந்துவிட்டால் காலி. ஒரு செல்லை வைத்து முடிவு கட்டமாட்டார். எல்லாச் செல்லும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் சார்ஜ் குறைவு, ஏற்றினால் சரியாகிவிடும். மற்றதெல்லாம் நிமிர்ந்து நிற்க ஒரு செல் மட்டும் படுத்திருந்தால் அந்தச் செல் உள்ளே ஷார்ட். "ஒரு பொண்ணு கோவிச்சுக்கிட்டா மொத்த வீடும் பட்டினி" என்பார். அவர் வீட்டில் மகள்கள் அதிகம்.

குழாயில் ஏறிய ஆசிட்டின் நிறத்தையும் பார்ப்பார். தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாகக் கலங்கியிருந்தால் பிளேட்டின் மருந்து உதிர்கிறது என்று அர்த்தம். ஆசிட் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்றுவார். ஆவியாகிப் போவது தண்ணீர். ஆசிட் எங்கேயும் போவதில்லை, வெளியே சிந்தினால் ஒழிய. வாடிக்கையாளர்களில் பலருக்கு இது பிடிபடாது. "ரெண்டு சொட்டு ஆசிட் விடுங்க பாய், கும்முனு எடுக்கும்" என்பார்கள். அப்போது பாய்க்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் நல்ல கணக்குக் காட்டும், வண்டியும் நாலு நாள் எடுக்கும், பிளேட் அரித்துப்போகும். குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறவர்களிடம் அவ்வளவு கோபம் வராது. "காவேரித் தண்ணிதானே பாய், நல்ல தண்ணிதான்" என்று ஒருவர் சொன்னபோது சிரித்துவிட்டார். "குடிக்க நல்லது சார். ஈயத்துக்கு ஆகாது."

புது பேட்டரி விற்கும்போதுதான் அவரோடு அதிகம் சண்டை வரும். அந்தக் காலத்துப் புது பேட்டரி காய்ந்த நிலையில் வரும். கடையில் ஆசிட் ஊற்றி, பிளேட் ஊறும்வரை விட்டு, பிறகு முதல் சார்ஜ் போட வேண்டும். பேட்டரியின் ஆம்பியர் ஹவர் கணக்கில் பத்தில் ஒரு பங்கு கரண்ட், அதற்கு மேல் கூடாது. 9 ஆம்பியர் ஹவர் என்றால் 0.9 ஆம்பியர். ஆக, காலையில் கொடுத்தால் சாயங்காலம். எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? "பக்கத்துக் கடையில அரை மணி நேரத்துல மாட்டித் தர்றாங்க" என்பார்கள். "அங்க மாட்டிக்குங்க. போறப்ப ஆறு மாசம் கழிச்சு எப்ப வருவீங்கன்னு தேதி மட்டும் சொல்லிட்டுப் போங்க." கோபித்துக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களும் உண்டு. வியாபாரத் திறமை என்று பார்த்தால் பாய்க்கு மதிப்பெண் குறைவுதான்.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் சந்தின் முகம் மாறியிருந்தது. 1985க்குப் பிறகு ஜப்பான்காரர் கூட்டில் வந்த வண்டிகள் ஊரை நிறைத்துவிட்டன. என்னிடம் இருந்தது ஆர்.எக்ஸ். 100. அதற்குப் பேட்டரி ஓர் அலங்காரம் மாதிரி. மேக்னெட்டிலிருந்து சி.டி.ஐ. வழியாக நேராகப் பொறி வரும். ஹெட்லைட்டும் மேக்னெட்டில் எரியும். பேட்டரி செத்தால் ஹார்னும் இண்டிகேட்டரும்தான் போகும். எங்கள் செட்டில் பாதிப் பேர் பேட்டரியையே கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, வாயால் கத்திக்கொண்டு ஓட்டினார்கள். பாய் எங்களை மனிதராகவே மதிக்கவில்லை. "பேட்டரி இல்லாம ஓடுற வண்டியெல்லாம் ஒரு வண்டியா" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார்.

அவருக்கு உண்மையான தீனி 2001க்குப் பிறகு கிடைத்தது. பல்சர் வந்தது, அதன் பின்னாலேயே செல்ஃப் உள்ள வண்டிகள் தெருவெல்லாம் வந்தன. கிக்கரை உதைத்தே பழகிய ஊர் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டது. காலையில் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். 'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, ரிலே இழுக்கிறது, நிற்க முடியவில்லை. ஒரே ஒரு 'டிக்' அடித்து, லைட்டும் மங்காமல் நின்றால் ரிலேயின் பாயிண்ட்டையோ மோட்டாரின் கார்பனையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் கிளட்ச் சுவிட்சையும் சைடு ஸ்டாண்டு சுவிட்சையும் பார்த்துவிட்டு வா என்பார். இந்த மூன்றையும் ஃபோனிலேயே கேட்டு வைத்தியம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஃபோனை வண்டி பக்கத்தில் வைத்து அமுக்கச் சொல்லிக் கேட்பார்.

அந்தக் காலத்தில் பார்த்த ஒரு கேஸ் இன்னும் நினைவில் இருக்கிறது. மருந்து கம்பெனி ரெப் ஒருவர், 150 சிசி வண்டி. வேறு ஊரில், வேறு கடைகளில், பேட்டரி மாற்றி மாற்றிச் சலித்துப்போய் வந்திருந்தார். பகலெல்லாம் வண்டி ஓடுகிறது, செல்ஃப் எடுக்கிறது. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் வந்தால் பொட்டுச் சத்தம் இல்லை. பாய் பேட்டரியை முழுசாக ஏற்றி, இரண்டு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மீட்டர் வைத்தார். 12.7. பேட்டரி சுத்தம். வண்டியில் மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, முறுக்கிப் பார்த்தார். 14.2. சார்ஜும் ஏறுகிறது. 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நின்றால் அவருக்குத் திருப்தி. 15ஐத் தாண்டினால்தான் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுவார். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரி கொதித்துக் காய்ந்துபோகும், பல்புகளும் அடிக்கடி போகும்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார் ரெப்.

"உங்க வீட்டுல குழாய் சொட்டுதான்னு குழாய மூடி வெச்சிட்டுத்தானே பார்ப்பீங்க?"

சாவியை அணைத்தார். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை ஆம்பியரில் வைத்தார். சாவி அணைந்த வண்டியில் ஒன்றும் ஓடக் கூடாது. கடிகாரம் ஏதாவது இருந்தால் சில மில்லி ஆம்பியர். மீட்டர் அரை ஆம்பியர் காட்டியது. ஒரு ராத்திரி நின்றால் 9 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. பிறகு பையனைக் கூப்பிட்டு ஒவ்வொரு கப்ளராக உருவச் சொன்னார். ஹார்ன், மாற்றமில்லை. ஃப்ளாஷர், மாற்றமில்லை. கடைக்காரர் யாரோ வைத்துக்கொடுத்த அலாரம். எல்லோரும் அதுதான் என்று நினைத்தோம், ரெப் ஏற்கெனவே அதைத் திட்டத் தொடங்கியிருந்தார். அதை உருவியும் மீட்டர் அசையவில்லை. கடைசியில் சீட்டுக்கு அடியில், ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் சேர்ந்த ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரை உருவினான். மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது.

உள்ளே இருந்த டயோடுகளில் ஒன்று பின்பக்கமாகக் கசிகிறது. வண்டி ஓடும்போது காயிலிலிருந்து பேட்டரிக்கு ஒரு திசையில் கரண்ட் போக விடுவதுதான் அதன் வேலை. வண்டி நின்றதும் அது கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டுவிட, பேட்டரி காயில் வழியாகத் திரும்பி வடிந்துகொண்டிருந்தது. ஓட்டும்போது குறை தெரியாத அளவுக்குச் சார்ஜும் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் எல்லாக் கடையிலும் பேட்டரியின் மேல் பழி விழுந்தது. பாய் புது யூனிட் மாட்டினார். மாட்டும்போது அதன் முதுகிலும் சேசிஸிலும் தூசி துடைத்து ஒட்ட வைத்தார். அந்தச் சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் அடுத்ததும் சீக்கிரம் வெந்துவிடும். ரெப் பழைய பேட்டரிகளுக்குக் கொடுத்த பணத்தை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார், முகத்தில் தெரிந்தது.

இதைவிட வேடிக்கையான ஒரு புல்லட் உண்டு. இடதுபக்கம் ஹேண்டிலைத் திருப்பினால் மொத்த உயிரும் போய்விடும். வலதுபக்கம் திருப்பினால் வரும். உடையவர் ஊரில் இடது திருப்பமே இல்லாத வழியாகத் தேடித்தேடி ஓட்டிக்கொண்டிருந்தார். ஹேண்டில் கழுத்தில் வயர்கள் வளைகிற இடத்தில் உள்ளே செம்பு இழைகள் அறுந்து, மேல் உறை மட்டும் முழுசாக இருந்தது. பாய் வயரை அங்குலம் அங்குலமாக மடித்துப் பார்த்து, ஒரு இடத்தில் கை நின்றதும், "இங்கதான்" என்றார். உறையைக் கிழித்தால் உள்ளே பச்சைத் தூள்.

திருச்சியின் பருவங்களுக்குத் தகுந்தபடி கோளாறும் மாறும். சித்திரையில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் தண்ணீர் வற்றிய பேட்டரிகள் வரும். வெயிலில் பேட்டரியின் ஆயுசே குறையும். ஐப்பசி மழையில் கப்ளருக்குள் தண்ணீர் போன வண்டிகள். இரண்டுக்கும் நடுவில், வருஷம் முழுக்க, இளைஞர்கள். கலர் லைட், பாட்டுப் பாடும் ரிவர்ஸ் ஹார்ன் (மோட்டார் சைக்கிளுக்கு எதற்கு ரிவர்ஸ் ஹார்ன்?), பிரேக் பிடித்தால் மின்னும் பல்ப் மாலை. எல்லாவற்றுக்கும் வயரிங் செட்டில் பிளேடால் உறையைச் சீவி, முறுக்கி, செல்லோடேப் ஒட்டியிருப்பார்கள். பாய் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உடையவன் கையில் கொடுத்து, "இத உங்க வீட்டு கொலுவுக்கு வெச்சுக்கப்பா" என்பார்.

2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடே இருட்டில் கிடந்தது. ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. பேட்டரி சார்ஜ் போடுகிற கடைக்கு அதைவிட என்ன வேண்டும், கடையைப் பூட்ட? பாய் ராத்திரி கரண்ட் வரும் நேரம் பார்த்து வந்து சார்ஜரைப் போட்டுவிட்டு, கடை வாசலிலேயே படுத்துக்கொண்டார். ஆனால் அதே மின்வெட்டு வேறொரு கதவைத் திறந்தது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். அவருடைய மகன் அந்தப் பக்கம் போனான். ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியில் கிடைக்கிற லாபத்துக்கு எத்தனை டெர்மினல் சுரண்ட வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டிருப்பான். தப்பில்லை.

மோட்டார் சைக்கிள் பக்கம் அதற்குள் சீல் வைத்த பேட்டரி வந்துவிட்டது. மூடி இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஹைட்ரோமீட்டர் உள்ளே போக வழியில்லை. 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட் அணைக்கவே முடியாது என்று ஆனது. இஞ்சின் ஓடினால் லைட் எரியும். பாய்க்கு இதில் கோபமில்லை, "ரோட்டுல எதிர்ல வர்றவனுக்கு நல்லது" என்றார். 2020இல் பி.எஸ். 6 புகை விதி வந்தபோதுதான் அவர் முகம் சுருங்கியது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் முதலில் பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். ஜங்ஷன் பாலத்து இறக்கத்தில் இரண்டாவது கியர் போட்டு, கிளட்சைப் பிடித்து உருட்டி, சடக்கென்று விட்டு வண்டி எடுத்த தலைமுறை நாங்கள். அடியோடு செத்த பேட்டரியோடு இன்றைய வண்டியைப் பாலம் முழுக்க உருட்டினாலும் பம்ப் ஓடாது, பெட்ரோல் வராது. பாலத்தின் அடியில் வேர்த்து நிற்பதுதான் மிச்சம்.

மகன் இப்போது மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் வைத்திருக்கிறான். பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதியதில் விலை கழித்துக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் பழையதைத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்று 2001லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. சோதனை மெஷின் இருக்கிறது. இரண்டு கிளிப் மாட்டினால் 'நல்லது', 'மாற்றவும்' என்று சீட்டு அடித்துத் தரும். சீட்டு சொன்னால் மாற்றிவிடுகிறார்கள். ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை; கேட்கிற நேரத்தில் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கலாம். சந்தில் பாயின் கடை இருந்த இடம் ஷோரூமுக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிற இடமாகிவிட்டது. ஜல்லி தெரிந்த தரைமேல் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள்.

பாய் உறையூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன தடவை பார்க்கப் போனபோது வாசலில் உட்கார்ந்து பேத்தியின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் முன்பக்கத்தைப் பிரித்து வைத்திருந்தார். ஹார்ன் அடிக்கவில்லையாம். பெரிய பேட்டரி 48 வோல்ட் என்றாலும் ஹார்னுக்கும் லைட்டுக்கும் 12ஆகக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். ஸ்போக் டெஸ்ட் லேம்ப் கையில் இருந்தது. கப்ளரில் பூத்திருந்ததைச் சுரண்டினார், ஹார்ன் கத்தியது, தெருநாய் ஒன்று எழுந்து போனது.

"பெரிய பேட்டரிய மட்டும் தொடமாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பார்க்க விடமாட்டேங்குறான்" என்றார் என்னிடம். பிறகு பேத்தியைப் பார்த்து, "இதுக்கு முழு சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்மா?"

"நன்னா, நாலு மணி நேரம்."

"அவசரம்" என்றார் பாய்.